கரண்டிக் கைப்பிடியில் ஒரு மஞ்சள் கறை

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது இது. பினாங்கு மாநிலத்துச் சிம்பாங் அம்பாட்டில், உணவகங்களுக்கான சமையல் சாமான்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் வரைவாளராக இருந்தேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு அங்கே சேர்ந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. தட்டு அடுக்கும் ரேக், டிரே, மூடி என்று எனக்கு வந்ததெல்லாம் நேர்கோடும் வட்டமும் துளையும்தான். கணினியில் அவற்றை வரைவது தோசை ஊற்றுவது போலக் கைக்குப் பழகிவிட்டது.

வடிவமைப்புப் பிரிவில் இருந்தவர் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று மேலாளரிடம் நானே போய்க் கேட்டேன். அவர் அதிகம் பேசாத ஒரு சீனப் பெண்மணி. ஜார்ஜ் டவுனில் பல கிளைகள் வைத்திருக்கும், சோற்றின்மேல் பல குழம்புகளைக் கலந்து ஊற்றித் தரும் ஒரு நாசி கண்டார் கடை முதலாளி, தன் கடைகளுக்கென்றே ஒரு குழம்புக் கரண்டி கேட்டிருந்தார். அதன் கைப்பிடியை நீ தனியாகச் செய்து காட்டு, அவர் ஒப்புக்கொண்டால் நாற்காலி உனக்கு, இல்லையென்றால் கோலாலம்பூரிலிருந்து ஆள் எடுப்பேன் என்றார் மேலாளர். ஆறு வாரம் கொடுத்தார்.

கைப்பிடிதானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதில் ஒரு நேர்கோடுகூடக் கிடையாது. அதுவரை நான் செய்தது சோப்புக் கட்டியைச் செதுக்குவது போன்ற வேலை. இது தையல் வேலை. கனமே இல்லாத வளைந்த பரப்புகளைத் துணி மாதிரி ஒவ்வொன்றாக விரித்து, ஓரங்களை இணைத்து, கடைசியில் உள்ளே நிரப்ப வேண்டும். சர்ஃபேஸ் மாடலிங் என்பார்கள். ஓரங்கள் தொட்டுக்கொண்டால் மட்டும் போதாது. ஒரு பரப்பின் வளைவு அடுத்த பரப்புக்குள் தடுக்காமல் வழுக்கிப் போக வேண்டும். அதைப் பார்க்க மென்பொருளிலேயே ஒரு சோதனை உண்டு. பொருளின் மேல் வரிக்குதிரை போலக் கறுப்பு வெள்ளைக் கோடுகள் ஓடும். இணைப்பில் கோடு ஒடிந்தால் இணைப்பு சரியில்லை.

தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து, வேலைக்குக் கிளம்பும்வரை பாடக் காணொளிகளைப் பார்த்துச் செய்து பழகினேன். முதல் வாரம் நான் செய்த கைப்பிடியை என் தங்கை பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, வத்திப்போன பாகற்காயா?"

எனக்கு எதையும் பட்டியல் போட்டால்தான் மனம் அடங்கும். ஒரு நோட்டில் இடப்பக்கம் கற்றுக்கொண்டவை, வலப்பக்கம் இன்னும் தவறாக இருப்பவை. நான்காவது வாரம் இடப்பக்கம் இரண்டு தாள் தாண்டியது. வலப்பக்கத்தில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். பாகற்காய் கைப்பிடியானது. தங்கை கிண்டல் செய்வதை நிறுத்தினாள்.

ஒரே ஓர் இடம் மட்டும் படியவில்லை. கைப்பிடி கரண்டியோடு சேரும் கழுத்துப் பகுதியில் மூன்று பரப்புகள் சந்திக்கும். அங்கே ஒரு நெல்மணி அளவுக்கு மேடு. கோடுகள் அதன்மேல் வந்ததும் ஒடிந்து திரும்பின. ஐந்து நாள் போராடினேன். அடைத்தேன், அழித்தேன், வேறு மாதிரி அடைத்தேன். மேடு இடம் மாறியதே தவிரப் போகவில்லை. வெள்ளிக்கிழமை படங்களைக் காட்டியாக வேண்டும்.

வீட்டில் நாம் கரண்டியை நடுவில்தானே பிடிக்கிறோம், கழுத்துக்கு யார் விரல் போகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மேட்டை மட்டும் பட்டியலில் எழுதவில்லை.

அடுத்து ரெண்டரிங். செய்த வடிவத்துக்குப் பொருள் கொடுத்து, விளக்கு வைத்து, கேமரா வைத்தால், ஒளி எங்கே பட்டு எங்கே தெறிக்கும் என்று கணினி கணக்குப் போட்டு, நிஜப் புகைப்படம் போன்ற படத்தைத் தரும். அது எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. மின்னும் பொருளில் மேடு தெரியும் என்பதால் மங்கலான கறுப்பைத் தேர்ந்தெடுத்தேன். விளக்கை இடப்பக்கம் நகர்த்தினேன், கழுத்தில் நிழல் விழுந்தது. கேமராவைக் கொஞ்சம் தாழ்த்தினேன், மேடு மறுபக்கம் போய்விட்டது. பின்னணியில் எவர்சில்வர் பாத்திரமும் லேசான ஆவியும் வைத்தேன்.

படம் அலுவலகத்தையே நிற்க வைத்தது. எந்த கேமராவில் எடுத்தது என்று கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் கேட்டார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். முதலாளிக்குப் படம் போனது. அவர் போனில் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

"எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா கரண்டி பிடிக்கிறது நானில்லையே. கடையில குடுத்துப் பாருங்க."

மூன்றாம் நாள், முப்பரிமாண அச்சில் எடுத்த சாம்பல்நிற மாதிரிக் கைப்பிடியை ஒரு கரண்டித் தலையில் பொருத்திப் பையில் போட்டுக்கொண்டு பட்டர்வொர்த்தில் தீவுக்குப் போகும் ஃபெரி ஏறினேன். கடை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில். பதினொன்றரை மணிக்கே வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. குழம்பு ஊற்றும் அண்ணனிடம் கொடுத்தேன். நாற்பது வயதிருக்கும். கரண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

அவர் பிடிக்கும் விதத்தை உற்றுப் பார்த்தேன். நடுவில் பிடிக்கவே இல்லை. கரண்டியின் கழுத்தைப் பிடித்தார். ஒரு தட்டுக்கு நான்கு கரண்டி குழம்பு. மீன், கோழி, பருப்பு, மறுபடி மீன். மணிக்கட்டைப் பின்னால் மடக்கி ஊற்றி, கடைசியில் கரண்டியின் முதுகால் சோற்றை ஓர் அழுத்து, குழம்பு அடிவரை இறங்க. 'பஞ்சிர்', அதாவது வெள்ளமாக, என்று கேட்பவர்களுக்குச் சோறு மூழ்கும்வரை. அத்தனைக்கும் அழுத்தம் கொடுப்பது கட்டைவிரல். அது இருந்த இடம், நான் எழுதாமல் விட்ட மேடு.

பத்துத் தட்டு ஆனதும் கட்டைவிரலை நகர்த்திப் பார்த்தார். இருபது ஆவதற்குள் பழைய கரண்டிக்கு மாறிவிட்டார். நானே பக்கத்தில் போனேன்.

"தங்கச்சி, இங்க ஒரு மேடு இருக்கு. கண்ணுக்குத் தெரியல, விரலுக்குத் தெரியுது."

"தெரியும் அண்ணே."

"தெரிஞ்சே கொண்டாந்தியா?" ஊற்றிக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. "பாஸ் காட்டுன படத்துல இல்லையே."

"படத்துல அந்தப் பக்கத்தக் காட்டல."

அவர் கோபப்படவில்லை. சிரித்துவிட்டார். "நீ மாப்பிள்ளை போட்டோ எடுக்கப் போலாம் லா. வழுக்கைய நல்லா மறைப்ப."

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஒருவர் தன் தலையைத் தடவிக்கொண்டே, எனக்கும் ஒன்று எடுத்துக் கொடு என்றார். முகம் எரிந்தது. மாதிரியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைவழியில் நின்று அதைத் திருப்பிப் பார்த்தேன். கழுத்தில் அவருடைய கட்டைவிரல் மஞ்சளாகப் பதிந்திருந்தது. முட்டை வடிவில், ஓரம் தெளிவாக. மேடு அதன் நட்டநடுவில்.

ஃபெரியில் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கரை நெருங்கும்போதுதான் உறைத்தது. நான் ஐந்து நாளும் செய்தது ஓட்டையை அடைக்கும் வேலை. மூன்று துணிகளைக் கட்டைவிரலுக்கு அடியில் சந்திக்க வைத்ததே நான்தான். அவை ஏன் அங்கே சந்திக்க வேண்டும்? அந்த மஞ்சளுக்குள் எந்த இணைப்பும் வரக்கூடாது. அவ்வளவுதான்.

அலுவலகம் போனதும் மேலாளரிடம் உள்ளதைச் சொன்னேன். தவறு இருந்தது, எனக்குத் தெரியும், கேமராவை வைத்து மறைத்தேன் என்று. அவர் கறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. எத்தனை நாள் வேண்டும் என்று மட்டும் கேட்டார். நான்கு என்றேன். அடுத்த திங்கட்கிழமை கோலாலம்பூர் ஆளுக்கு நேர்காணல் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் திரும்பினார்.

கழுத்துப் பகுதி முழுவதையும் அழித்தேன். கறையைப் படம் எடுத்து மென்பொருளுக்குள் வைத்து, அதன் ஓரத்தை வரைந்தேன். அந்த எல்லையைத் தாண்டிப் பரவும் ஒரே பெரிய பரப்பை முதலில் விரித்தேன். பிறகு மற்றவற்றை அதற்கு ஏற்றபடி வெட்டி, இணைப்புகளைப் பக்கவாட்டுக்குத் தள்ளினேன். இரண்டு நாள் ஒன்றும் அமையவில்லை. மூன்றாம் நாள் காலை, ஆறு மணிச் செய்தி வானொலியில் ஓடிக்கொண்டிருந்தபோது, வரிக்குதிரைக் கோடுகளைப் போட்டேன். கழுத்தின் ஒரு பக்கம் ஏறி, வளைந்து, மறுபக்கம் இறங்கின. எங்கும் ஒடியவில்லை. நான்கு முறை சுழற்றிப் பார்த்துவிட்டுத் தங்கையை எழுப்பினேன். அரைத்தூக்கத்தில் பார்த்தாள்.

"கோடு நல்லா வழிஞ்சு போகுதுக்கா. இப்ப நான் தூங்கலாமா?"

இந்த முறை படத்துக்கு மின்னும் கறுப்பைக் கொடுத்தேன். விளக்கை நேராக வைத்தேன். கேமராவை, முன்பு எங்கே வைக்கப் பயந்தேனோ அங்கேயே, கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தேன். கறையின் எல்லைக்கோடு கோப்பிலேயே இருந்தது. அதை எடுத்துவிட மனம் வரவில்லை. அதற்குள் மஞ்சள் நிறம் கொடுத்து, ரேகையோடு ஒரு கட்டைவிரல் பதிவாக்கி விட்டுவிட்டேன்.

முதலாளி அன்றே கூப்பிட்டார். "நல்லா இருக்கு. ஆனா அந்தக் கறையக் கழுவிட்டு வேற போட்டோ அனுப்புங்களேன்."

அது இன்னும் செய்யப்படவே இல்லை, கணினியில் வரைந்தது என்றேன். "வரைஞ்சதா?" என்று இருமுறை கேட்டார். பிறகு, சனிக்கிழமை மாதிரியைக் கொண்டுவரச் சொன்னார்.

சனிக்கிழமை அதே வரிசை, அதே அண்ணன். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நேரே அடுத்த தட்டை எடுத்தார். நான் ஒரு மேசையில் உட்கார்ந்து, எந்தத் தட்டில் நிறுத்துவார் என்று எண்ண ஆரம்பித்தேன். அறுபதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டு மீன் முட்டைக் குழம்போடு சாப்பிட்டேன். இரண்டரை மணிக்கு வரிசை குறைந்தபோது போய் மாதிரியைக் கேட்டேன். பழைய கரண்டி தொட்டியில் கிடந்தது.

"எதுக்குத் திருப்பித் தரணும்? இது என்னோடது."

"அண்ணே, இது வெறும் சாம்பிள். நாலு நாள்ல உடைஞ்சிடும்."

"அப்ப நாலு நாளுக்குள்ள நெசத்தக் கொண்டா."

ஃபெரியில் மேல்தளத்தில் நின்றுகொண்டு, காற்றில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

திங்கட்கிழமை மேலாளர் எனக்கு ஒரு மின்னஞ்சலை அனுப்பியிருந்தார். நேர்காணலை ரத்து செய்து அவர் கோலாலம்பூருக்கு எழுதிய இரண்டு வரிகள். எனக்கென்று அதில் ஒரு சொல்கூட இல்லை. தேவைப்படவும் இல்லை.

அந்தக் கரண்டி இப்போது அவர்களுடைய எல்லாக் கிளைகளிலும் இருக்கிறது. நான் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மேசை இழுப்பறையில் முதல் மாதிரி கிடக்கிறது, மஞ்சள் கொஞ்சம் மங்கிவிட்டது. எந்த வேலையை எடுத்தாலும் முதலில் எனக்குக் கூச்சமாக இருக்கும் பக்கத்தில் கேமராவை வைத்து ஒரு படம் எடுத்துவிடுகிறேன். அந்தப் படத்தை யாரிடமும் தயங்காமல் நீட்ட முடிகிற நாளில்தான் வேலை முடிந்தது என்று இன்றுவரை நம்புகிறேன்.