அடுத்தவர் வலிக்கு வாங்கிய மாத்திரை

வீடு மாற்றித் தரும் கம்பெனியில் பதினாறு வருடம் சுமை தூக்கினார் அவர். ஒல்லியான ஆள். ஆனால் இரும்பு பீரோவை முதுகில் ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்காமல் மூன்று மாடி இறங்குவார். அதனால் எல்லோருக்கும் அவர் 'எறும்பு'. கம்பெனி அவர் மனைவியின் தம்பியுடையது. லாரியையும் அவனே ஓட்டுவான். வேலை முடிந்து மற்றவர்கள் குடிக்க உட்கார்ந்தால் எறும்பு தள்ளிப் போய் நிற்பார். அந்த வாடையே அவருக்கு ஆகாது.

ஒரு மழை நாளில் ஃப்ரிட்ஜோடு படியில் சறுக்கி விழுந்ததில் முதுகில் பலத்த அடி. டாக்டர் பத்து நாளைக்கு வலி மாத்திரை எழுதி, மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது என்றார். ஆறாம் நாளே எறும்பு வேலைக்கு வந்துவிட்டார். வீட்டில் சும்மா உட்கார அவரால் முடியாது. நான்கு வயது மகள் காய்ச்சலில் இறந்த மூன்றாம் நாளும் அப்படித்தான் வந்து பீரோ தூக்கினார். அழுது யாரும் பார்த்ததில்லை.

பத்து நாள் முடிந்தது. மாத்திரையை மட்டும் அவர் விடவில்லை. வேறு வேறு டாக்டர்களிடம் முதுகைக் காட்டினார். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகியது. கிடைக்காத நாளில் மூக்கு ஒழுகும், கைகால் குடையும், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவார். பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்த்த மனைவி, மாத்திரையைத் துணி மடிப்புக்குள் ஒளித்து வைத்தாள். அலமாரியையே கலைத்துப் போட்டு எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒரு வீடு. புற்றுநோய் முற்றிய தாயை மகன் வேறு வீட்டுக்கு அழைத்துப் போகிறான். முகம் பார்க்கும் கண்ணாடி மேசையைத் தூக்குமுன் எறும்பு அதன் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே நான்கு அட்டை வலி மாத்திரை.

மறுநாள் காலை மைத்துனன் லாரி பக்கம் கூப்பிட்டான்.

"மாமா, அந்தம்மாவோட மாத்திரையைக் காணோமாம்."

"என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும்?"

"விடிய விடிய வலியில கத்தினாங்களாம்."

எறும்பு சட்டைப் பைக்குள் கைவிட்டு நான்கு அட்டைகளையும் எடுத்து நீட்டினார். ஓர் அட்டை காலியாக இருந்தது.

"நாளையிலேருந்து வராதீங்க மாமா. அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

சொன்னார். அன்றுதான் மற்றதையும் சொன்னார். "முதுகுக்குத்தான் போட்டேன். ஆனா குட்டி போனதுலேருந்து நெஞ்சுக்குள்ள ஒண்ணு அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. மாத்திரை போட்டப்பதான் அது சும்மா இருந்துச்சு."

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கும்தானே அவ மக. நான் எதைப் போட்டுக்கிட்டேன்?"



மறுவாழ்வு மையத்தில் நாற்பது நாள் இருந்தார். கன்னத்தில் சதை பிடித்துத் திரும்பினார். இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தவர், மன்னிப்புக் கேட்க அந்த வீட்டுக்குப் போனார். அந்தம்மா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மகன் திட்டவில்லை. "சரி, போங்க" என்று கதவைச் சாத்தினான். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும் என்று மனைவியிடம் சொன்னார். அன்று மாலையே மறுபடி தொடங்கிவிட்டார். இரண்டாம் முறை மையத்தில் சேர்த்தபோது ஒன்பதாம் நாள் சுவர் ஏறிக் குதித்து ஓடிவந்தார்.

"எப்ப சரியாவாரு?" என்று அங்கிருந்த ஆலோசகரிடம் கேட்டாள் மனைவி. "உறுதியா எதுவும் சொல்ல முடியாதும்மா" என்றார் அவர்.

இப்போது வேலைக்குக் கிளம்பும்போது வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போகிறாள். அவரே கெஞ்சிக் கேட்டுக்கொண்டதுதான். போன வாரம் திரும்பி வந்தபோது பின்பக்க ஜன்னல் கம்பி அறுபட்டுக் கிடந்தது. அவர் செருப்போடு கட்டிலில் கிடந்தார், கண் பாதி திறந்தபடி. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். வந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கம்பி அடிக்க ஆள் தேடிப் போனாள்.