மாலை போட்ட குழாய்

தெஹியோவிட்ட பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நின்ற அந்த டிராக்டரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வெள்ளைக்காரத் தொரைமார் காலத்து வண்டி. சரஸ்வதி பூசைக்கு மறுநாளிலிருந்து ஸ்டார்ட் ஆகவில்லை. கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால் எஞ்சின் முரண்டு பிடிக்க வேண்டும். இதுவோ கிணற்றுக் கப்பி மாதிரி சும்மா சுற்றியது. சிலிண்டருக்குள் காற்று அமுங்கவில்லை. கம்ப்ரஷன் இல்லை என்போம்.

கடைத்தெருவில் கராஜ் வைத்திருந்த என்னைக் கூப்பிட்டார்கள். மெக்கானிக்கை எங்கள் பக்கம் 'பாஸ்' என்பார்கள். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர், "வெள்ளிக்கிழமை பழைய இரும்பு லொறி வருது, பாஸ். அதுக்குள்ள ஓடினா வண்டி இங்கயே இருக்கும். இல்லாட்டி இரும்புக்குத்தான்" என்றார். டிராக்டர் ஓட்டும் டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது போச்சுன்னா நான் மறுபடி மலையில புல்லு வெட்டத்தான் போகணும். எப்படியாச்சும் பாருங்க பாஸ்."

கம்ப்ரஷனை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தேன். நாலு சிலிண்டரிலும் ஒரே அளவு குறைவு. அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தேய்மானம் அப்படி நாலுக்கும் சமமாகப் பங்கு வைக்காது. சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டேன். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் கம்ப்ரஷன் ஏறும். ஏறவில்லை. அப்படியானால் வால்வுதான் என்று எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, பேஸ்ட் போட்டுத் தோள் கழலும் வரை வால்வுகளைத் தேய்த்தேன். ஹெட்டுக்கு அடியில் வைக்கும் காஸ்கட்டின் படத்தைப் போனில் கடைகடையாக அனுப்பி, கடைசியில் அவிசாவளையில் ஒன்று பிடித்தேன். வெள்ளிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் பூட்டிச் சுற்றினால், பழைய குருடி கதவைத் திறடி. ஸ்பானரை ரப்பர் காட்டுக்குள் வீசினேன். டிரைவர்தான் போய்த் தேடி எடுத்து வந்தார்.

"பூசையெல்லாம் குறையில்லாமத்தானே போட்டோம்" என்று அவர் புலம்பினார்.

அப்போதுதான் அந்தக் குழாயைக் கவனித்துப் பார்த்தேன். எஞ்சினுக்குக் காற்று இழுப்பது அதுதான். பானெட்டுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். பூசாரி அதன் வாயை மஞ்சள் துணியால் சுற்றி, சந்தனம் அப்பி, மாலை போட்டிருந்தார். பூசாரி கட்டியது தானாக விழும்வரை யாரும் அவிழ்க்க மாட்டார்கள். நானும் சாமி காரியமாயிற்றே என்று, ஹெட்டைக் கழற்றும்போது அந்தக் குழாயை மாலை கலையாமல் எடுத்து வாழையிலையில் வைத்து, அப்படியே திரும்ப மாட்டியிருந்தேன்.

"அண்ணே, அந்தத் துணிக்குள்ள என்ன இருக்கு?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"ஒன்னுமில்லீங்க. வண்டியக் கழுவும்போது தண்ணி போகக் கூடாதுன்னு கொஞ்சம் சாக்கு அடைச்சேன். அதுக்கு மேலதான் பூசாரி..." சொல்லிக்கொண்டே வந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காற்றே உள்ளே போகாவிட்டால் எஞ்சின் எதை அமுக்கும்? சாமியாவது பூதமாவது என்று துணியைப் பிய்த்து எறிந்து, சாக்கை உருவினேன். கைப்பிடியைச் சுற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. டிரைவர் வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சத்தம் கேட்டுக் கிளாக்கர் வந்தார். அவருக்குப் பின்னாலேயே இரும்பு வியாபாரியின் லொறியும் வந்து நின்றது.

"ஓடுதுங்க ஐயா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மானேஜர் தொரை நேத்தே வித்துட்டார், பாஸ். லொறியில எப்படி ஏத்துறதுன்னுதான் யோசிச்சோம். இப்ப லேசாப் போச்சு."

வியாபாரி 'சரி, சரி' என்பதைச் சிங்களத்தில் "ஹரி, ஹரி" என்று சொல்லித் தலையாட்டிக்கொண்டே லொறிக்குப் பலகைகளைச் சாய்த்து வைத்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சாக்கை மறுபடியும் குழாய்க்குள் திணித்திருப்பேன். அதற்குள் டிரைவர் ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டார். வண்டி எங்கேயும் திணறாமல், எடுத்த எடுப்பில் ஏறியது.