உப்பு இல்லை என்றேன்

என் கடை மேசைமேல் ஒரு இரும்புக் கம்பி கிடக்கிறது. ஒரு சாண் நீளம், சுண்டுவிரல் பருமன், இரண்டு நுனியிலும் மரை வெட்டியது. நடுவில் கொஞ்சம் துரு. பில் போட வருகிறவர்கள் அதை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, “இது எதுக்கு சார்?” என்பார்கள். பேப்பர் பறக்காமல் இருக்க என்று சொல்லிவிடுவேன். கதவை மூடி ஏசி போட்ட கடையில் எந்தப் பேப்பர் பறக்கப் போகிறது என்று இதுவரை ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. தஞ்சாவூர் பைபாஸில், அட்டைப்பெட்டியில் அடைத்து வருகிற கட்டிலையும் டீவி ஸ்டாண்டையும் விற்று, வீட்டுக்கு ஆளனுப்பி மாட்டிக் கொடுப்பது இப்போது என் தொழில். இதற்கு முன் வேறொரு தொழில் இருந்தது. அதைச் செய்தது நானும் இன்னொருவரும். அவரை நான் பார்ட்னர் என்று கூப்பிடுவேன், அவரும் என்னை அப்படியே.

அவரை முதலில் பார்த்தது பெரும் புயலடித்து ஐந்தாறு நாள் கழித்து. எங்கள் ஊரில் அரிசியும் பாயும் சேர்த்து, குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேதாரண்யத்துப் பக்கம் போயிருந்தோம். கடல் உள்ளே வந்து, வயலிலும் தெருவிலும் தண்ணீர் இன்னும் வடியவில்லை. எல்லாரும் வண்டியைச் சுற்றி நிற்க, ஒரு பெண் மட்டும் விழுந்து கிடந்த பூவரச மரத்தின்மேல் உட்கார்ந்து டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டினேன். “அத அம்மாகிட்ட குடுங்க. ரம்பம் எதுனா கொண்டாந்திருக்கீங்களா?” என்றார். அப்பா அம்மா உப்பளத்தில் வேலை செய்து வளர்த்த பெண், உதவித்தொகையில் வடக்கே போய் டிசைன் படித்தவர், புயல் சேதி கேட்டு வீட்டைப் பார்க்க ஓடி வந்தவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த மரம் அவர்கள் வீட்டு வாசலில் நின்ற மரம். அதை விறகுக்குப் போட அவருக்கு மனம் வரவில்லை.

நான் சிவில் படித்துவிட்டு வளைகுடாவில் சில வருஷம் இருந்து, அங்கே பிடிக்காமல் திரும்பி, அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்ற பேரில் சும்மா இருந்தவன். மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஓடாத ரைஸ் மில் ஒன்று இருந்தது. அதில்தான் பட்டறை போட்டோம். புயலில் விழுந்த பூவரசு, வேம்பு, மா என்று கட்டை கட்டையாக வந்து இறங்கியது. பார்ட்னர் வரைந்ததெல்லாம் மெலிசான கால்களும் நேர்க்கோடுகளுமாக இருக்கும். ஒரு பூ வேலைப்பாடு கிடையாது, வெளியே ஒரு ஆணித்தலை தெரியாது. கம்பியும் நட்டும் மரத்துக்குள்ளே போய்விடும். துளை வாயை அதே மரத்தின் சின்ன வட்டத் துண்டு வைத்து அடைத்துத் தேய்த்துவிட்டால் எங்கே அடைத்தது என்று அவரே தேட வேண்டியிருக்கும். அப்பா முதல் நாற்காலியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “முடிஞ்சுதா, இன்னும் வேலை பாக்கி இருக்கா?” என்று கேட்டார். ஆனால் கும்பகோணத்திலும் திருவாரூரிலும் புதுவீடு கட்டியவர்களுக்குப் பிடித்துப்போனது. ஒரு வீட்டில் பார்த்து இன்னொரு வீட்டில் கேட்டார்கள்.

அப்பா அவரை வா, போ என்றுதான் பேசுவார். பார்ட்னருக்கு டீ எப்போதும் மில்லுக்கே வந்துவிடும். பத்தடி தள்ளியிருந்த எங்கள் வீட்டுக்குள் அவர் ஒருநாளும் வந்ததில்லை. ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பட்டறைக்குள் நாங்கள் சரிசமம் என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடல் குடித்த மரத்தில் இரும்பு தங்காது என்பது உப்பளத்துப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பு ஏறிய மரத்துக்குள் கம்பி வைத்தால், வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தின்றுவிடும். அதனால் வந்த கட்டைகளை எல்லாம் பலகையாக அறுத்து, மில்லுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் கட்டிப் போடுவோம். ஆற்றில் தண்ணீர் வந்ததிலிருந்து நிறுத்தும்வரை அவை நல்ல தண்ணீரில் கிடக்கும். பிறகு எடுத்து நிழலில் உலர்த்தி, நடுவில் துளை போட்டு, வருகிற தூளைப் பார்ட்னர் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து விநாடி. உப்பு இல்லை என்றால் பலகையின் நுனியில் நீலப் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார். இருந்தால் மறுபடி வாய்க்காலுக்கு. எனக்கும் அதைப் பழக்கினார். “வேர்த்து வழியறப்ப பாக்காதீங்க பார்ட்னர், மொகத்தக் கழுவிட்டுப் பாருங்க” என்பார். நீலக் கோடு இல்லாத பலகையில் யாரும் உளி வைக்கக்கூடாது என்பது பட்டறையின் ஒரே சட்டம்.

கும்பகோணத்தில் ஒரு டீச்சர். தனியாள். சொந்தமாகக் கட்டிய வீட்டுக்கு ஊஞ்சல் கேட்டார். சங்கிலி இல்லாமல், நான்கு கம்பிகள் மேலிருந்து நேராக இறங்கிப் பலகைக்குள் மறைந்துவிடுகிற மாதிரி பார்ட்னர் வரைந்து கொடுத்தார். ஆவணியில் கிரகப்பிரவேசம். ஆடி மாதம் பார்ட்னரின் அம்மாவுக்கு உடம்புக்கு வந்து, நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவர் அங்கேயே தங்கிவிட்டார். அப்போதுதான் ஊஞ்சலுக்கென்று வைத்திருந்த பலகை இழைக்கும்போது நீளவாட்டில் பிளந்துவிட்டது. அந்த அகலத்தில் வேறு பலகை இருந்தது ஒரே இடத்தில். முந்தின வருஷம் வாய்க்காலில் தண்ணீர் சீக்கிரம் நின்றுபோனதால் சரியாக ஊறாமல், கோடு போடாமல் ஓரமாகச் சாத்தி வைத்திருந்த வரிசையில். டீச்சருக்குப் போன் செய்து கொஞ்சம் தள்ளிப்போகும் போலிருக்கிறது என்று இழுத்தேன். “நாள் குறிச்சாச்சு தம்பி. ஊஞ்சல் மாட்டாம நான் பால் காய்ச்ச மாட்டேன், சொல்லிட்டேன்” என்று சிரித்தார்.

அந்தப் பலகையில் துளை போட்டேன். தூளை எடுத்து நாக்கில் வைத்தேன். கரித்தது. லேசாகத்தான், ஆனால் கரித்தது. நடுப்பகல், ஆடி வெயில், தகரக் கூரை. என் மேலுதட்டில் வியர்வை நின்றது. என் வியர்வைதான் கரிக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். முகம் கழுவ ஒரு வாளித் தண்ணீர் இரண்டடி தூரத்தில் இருந்தது. நான் கழுவவில்லை. கழுவியபின்னும் கரித்தால் என்ன செய்வது? நீல டப்பாவைத் திறந்து கோட்டை இழுத்தேன். பார்ட்னருக்குப் போன் பண்ணியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் இருப்பவரைத் தொந்தரவு செய்வானேன் என்று அதற்கும் ஒரு நல்ல காரணம் கைவசம் இருந்தது. ஊஞ்சல் குறித்த நாளில் மாட்டியாயிற்று. டீச்சர் அதில் உட்கார்ந்து எடுத்த போட்டோவைப் பார்ட்னர் தன் போனில் முகப்புப் படமாகவே வைத்துக்கொண்டார்.

மூன்றாம் வருஷம், ஒரு சாயங்காலம், டீச்சர் ஊஞ்சலில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது ஒருபக்கக் கம்பிகள் இரண்டும் உள்ளே அறுந்து பலகை சரிந்தது. கிரானைட் தரை. முதுகெலும்பில் அடி. அன்றிலிருந்து அவர் கட்டிலைவிட்டுத் தானாக எழுந்ததில்லை.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நாங்கள் முதலில் போனது அவர் வீட்டுக்கு. தாள்கள் இன்னும் தரையில் கிடந்தன. பார்ட்னர் பலகையைப் புரட்டி, அடைப்பை உளியால் பெயர்த்தார். உள்ளே கம்பியின் மரை இருந்த இடத்தில் சிவப்புப் பொடி கொட்டியது. மரத்தின் உட்புறத்தைச் சுரண்டி நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். ஐந்து விநாடி எனக்கு நீண்டுகொண்டே போனது.

“கரிக்குது. இது எங்கம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப செஞ்சது. நீங்கதானே பாத்தீங்க?”

“ஆமா.”

“நாக்குல வச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தேன். உப்பு இல்ல” என்றேன்.

அவர் நம்பினார். நம்பியதுதான் இன்றுவரை தாங்க முடியாதது. கொஞ்ச நேரம் துருவைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப என் வழிதான் தப்பு பார்ட்னர். ஊற வச்சாலும் ஆழத்துல தங்கிடுது போல. அப்புறமா வெளிய வருது. நமக்குத் தெரியாமப் போச்சு” என்றார். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் டீச்சரின் காலைத் தொட்டு, தப்பு என்னோடது என்றார். அசையாமல் படுத்திருந்த டீச்சர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: “உன்ன நம்பித்தானம்மா உக்காந்தேன். இனிமே உன் கையால யாருக்கும் எதுவும் செஞ்சு குடுக்காத.” நான் பின்னால் பிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தேன். ஊரிலும் பேச்சு அவர்மேல்தான் போனது. கடற்கரை மரத்தைக் கொண்டுவந்து வீட்டுக்குள் போட்டால் வேறென்ன நடக்கும், அந்தப் பெண்ணோடு சேர வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன் என்றார் அப்பா. எனக்கு எங்கள் குடும்பம் குடையாக நின்றது. நானும் அதன் அடியில் நின்றுகொண்டேன்.

மறுவாரமே பார்ட்னர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். நாங்கள் செய்து கொடுத்தவை இருபத்தேழு வீடுகளில் இருந்தன. ஊஞ்சல், கட்டில், நாற்காலி, அலமாரி. ஒன்றுவிடாமல் போய்த் திறந்து பார்க்க வேண்டும், இன்னொருவர் விழக்கூடாது என்றார். நானும் கூடப் போனேன். குட்டியானையை நான்தான் ஓட்டினேன். ஒவ்வொரு வீட்டிலும் அடைப்பைப் பெயர்த்து, கம்பியை உருவி, துணியால் துடைத்துப் பார்ப்பார். எண்ணெய் தடவி வைத்தது வைத்தபடி மின்னும். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று, வெளியே தலை துருத்திக்கொண்டு நிற்கிற பெரிய போல்ட்டுகளைப் புதிதாக முடுக்குவார். ஆணித்தலை வெளியே தெரியக்கூடாது என்று எந்த மூட்டோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினாரோ, அதே மூட்டில் தன் கையாலேயே துளை போட்டார். நாகூரில் ஒரு வீட்டுக்கார அம்மா கட்டிலின்மேல் கையை விரித்துக்கொண்டு மறித்தார். “நல்லாத்தானம்மா இருக்கு. எங்க வீட்டுக்காரரு வெளிநாட்டுலேர்ந்து வந்தா இதத்தான் தடவித் தடவிப் பாப்பாரு. ஏன் இத அசிங்கம் பண்றே?” பார்ட்னர் அவருக்குப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைத்துவிட்டு, டிரில்லை எடுத்தார்.

அந்த நாட்களில் வண்டியில் நாங்கள் அதிகம் பேசியதில்லை. ஒவ்வொரு வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் அவர் ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். சோர்வு என்று நினைத்தேன். அடுத்த வீட்டில் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அடுத்த வீடு வரும், போகும்.

கடைசி வீடு அவருடைய அம்மா வீடு. அன்றைக்கு அவர் அளந்துகொண்டிருந்த பூவரசில் செய்த நாற்காலி, நாங்கள் செய்த முதல் சாமான். அம்மா அதில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். “இதையுமாடி கழட்டப் போற?” என்று கேட்டுக்கொண்டே எழுந்து எங்களுக்கு டீ போடப் போனார். பார்ட்னர் அடைப்பைப் பெயர்த்து, முதுகையும் காலையும் இணைத்த கம்பியை உருவித் துடைத்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

“ஒரே வாய்க்கால், ஒரே தண்ணி. மத்ததெல்லாம் நல்லா இருக்குன்னா அந்த ஒண்ணு சரியா ஊறவே இல்லன்னுதானே அர்த்தம். மூணாவது வீட்லயே தெரிஞ்சுபோச்சு பார்ட்னர்” என்றார். குரல் உயரவில்லை. “நீங்களே சொல்லுவீங்கன்னுதான் மத்த வீட்டுக்கெல்லாம் போனேன்.”

இருபத்து நான்கு வீடுகள். நான் சொல்வதற்கு அவர் கொடுத்த இடம் அத்தனை. அதற்காக அத்தனை மரத்தையும் அவர் துளைத்தார். அப்போதும் நான் ஆமாம் என்று சொல்லவில்லை. அம்மா டீ கொண்டுவந்தார், வாங்கிக் குடித்தேன், அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து. பிறகு அந்தக் கம்பியோடு வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகத் திரும்பினேன். பார்ட்னர் மில்லுக்கு வரவேயில்லை. அவருடைய உளிகள் இருந்த பெட்டியை ஆளிடம் கொடுத்தனுப்பினேன். அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

டீச்சரிடம் சொல்ல எனக்கு அதற்குப் பிறகும் ஒன்றரை வருஷம் ஆனது. கேட்டு முடித்தபின் அவர் என்னைத் திட்டவில்லை. சுவர்ப் பக்கம் பார்த்தபடி, “அந்தப் பொண்ணு நம்பர் போடு” என்றார். போட்டுக் கொடுத்தேன். படுத்தபடியே பேசுவதற்காக ஸ்பீக்கரில் வைத்திருந்தார். “நான் அன்னிக்குச் சொன்னத மனசுல வச்சுக்காதம்மா. நீ திரும்ப வேலை செய்யணும்” என்று அழுதார். “முதுகு இப்ப எப்படி இருக்கு டீச்சர்?” என்று கேட்டார் பார்ட்னர். பெங்களூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் சமையலறை வரைந்து கொடுக்கிறாராம். “மரத்தைத் தொடறதில்ல டீச்சர்” என்றார். யார் நம்பர் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை.

மில் இப்போது உர மூட்டை அடுக்கும் கிடங்கு. கம்பி என் மேசையில் இருக்கிறது. அந்த நாற்காலிக்குள் அத்தனை வருஷம், உப்புக் காற்றடிக்கிற ஊரில் கிடந்தும் ஒரு புள்ளி துரு ஏறாமல் என் கைக்கு வந்தது. இங்கே ஏசிக் கடையில், ஒரு துளி ஈரம் இல்லாத இடத்தில், நடுவில் மட்டும் துருப்பிடிக்கிறது. பில் போடும்போது, போன் பேசும்போது, சும்மா இருக்கும்போது, என்னை அறியாமல் அதை எடுத்துப் பிடித்துக்கொள்கிறேன். பிடிக்கிற இடத்தில்தான் துரு. என் வியர்வைதான்.