மூன்று ஜாக்கெட்டும் ஒரு கும்பிடும்

ஜாக்கெட் விற்கிறவள் குளிருக்கு நடுங்குவதில்லை, வருகிறவர்களைப் பார்த்துத்தான் நடுங்குகிறாள். கடையில் நின்று கால் கடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், "அட, இவளுக்குமா!" என்று ஒரு பெருமூச்சு விடுங்கள், அது போதும் எனக்கு.

கணவரின் வேலைக்காகத் திருச்சியிலிருந்து மியூனிக் வந்து, சில வருடம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து, முட்டி மோதி ஜெர்மன் படித்து வாங்கிய வேலை இது. ஒரு துணிக்கடையில் ஜாக்கெட் பிரிவு. அக்டோபர் கடைசியோடு என் புரொபேஷன் முடிகிறது. வைத்துக்கொள்வதும் அனுப்பிவிடுவதும் பிரிவின் தலைவி ஃபிராவ் கெல்லர் கையில். அனுப்பிவிட்டால் மறுபடியும் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்தப் பயத்தோடுதான் தினமும் ரயில் ஏறினேன்.

மெத்தை

செப்டம்பரில் முதல் குளிர் அடித்த காலை. இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் பனிக்காலத்துக்கென்று வாங்கிய தடித்த ஜாக்கெட், இப்படிப் போய் நின்றேன். ஃபிராவ் கெல்லர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அத்தனையையும் கழற்றச் சொல்லிவிட்டு, மெல்லிய பின்னல் சட்டை, கையில்லாத ஜாக்கெட், அதற்கு மேல் ஒரு லேசான கோட்டு என்று மாட்டிவிட்டார். எல்லாமே மெல்லியதாக இருக்க வேண்டுமாம், ஒவ்வொன்றின் விளிம்பும் கொஞ்சம் வெளியே தெரிய வேண்டுமாம், வெயில் வந்தால் ஒவ்வொன்றாக உரித்துக்கொள்ளலாமாம். இதற்கு இந்த ஊரில் வெங்காய உடுப்பு என்றே பெயர்.

கண்ணாடியைப் பார்த்துத் திடுக்கிட்டேன். எனக்கு இடுப்பு இருந்தது! அந்தச் சந்தோஷத்தில் நான் திரும்புவதற்குள் ஃபிராவ் கெல்லர் என் பழைய ஜாக்கெட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக் கேட்டார்: "இன்னும் அக்டோபரே பிறக்கவில்லை. ஜனவரியில் எதைப் போட்டுக்கொண்டு வருவீர்கள், மெத்தையையா?"

கொலுவுக்குப் போகிறவள்

நவராத்திரி வாரம். பக்கத்து ஊரான கார்ஹிங்கிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். அரக்கு நிறப் பட்டுப்புடவை, தலையில் பூ, பல் கிடுகிடுக்கிறது. சிநேகிதி வீட்டுக் கொலுவுக்குப் போகிற வழியில் குளிர் தாங்காமல் நுழைந்துவிட்டாள். கற்றுக்கொண்டதைக் காட்ட இதைவிட நல்ல ஆள் கிடைப்பாளா? உள்ளே ஒன்று, நடுவில் குட்டையாக ஒன்று, மேலே நீளக் கோட்டு. பார்க்க அத்தனை அழகாக இருந்தாள். பெருமை தாங்காமல் ஃபிராவ் கெல்லரைக் கூப்பிடப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோட்டுக்குள்ளிருந்து முந்தானையை உருவி எடுத்து, ஜரிகை பளபளக்க எல்லாவற்றுக்கும் மேலே போட்டு, தோளில் ஊக்கும் குத்திக்கொண்டிருந்தாள். ஃபிராவ் கெல்லர் அப்படியே நின்றுவிட்டார். அது கோபமா வியப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. வேலை போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். அவளோ என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஏங்க, இவ்ளோ நல்ல பட்டுப்புடவைய மூடிட்டுப் போறதுக்கு, நான் வீட்லயே உக்காந்து சுண்டல் சாப்பிட்டிருப்பேனே!"

பூசினாற்போல்

அடுத்த வாரம் ஒரு ஜெர்மன்காரர். ஒல்லியான உடம்பு, பெரிய ஓவர்கோட்டு, கேட்கவே இதமான பேச்சு. அடுக்கி உடுத்துவதைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் ஒரு மாணவனைப் போலக் கேட்டுக்கொண்டார். "நடுவில் போடுவது மட்டும் தோளில் இறுகக் கூடாது. இறுகினால் தயங்காமல் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம்" என்று வழக்கமாகச் சொல்வதையும் சொன்னேன். மூன்று ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். வெளியே வந்து, யோசித்துவிட்டு வருகிறேன் என்றார். முன்பைவிடக் கொஞ்சம் பூசினாற்போல் தெரிந்தார். வாசலில் இருக்கிற அலாரக் கருவி கத்தியது. "அதற்கு இதே வேலை, நீங்கள் போங்கள்" என்று நானே சமாதானம் சொல்லி, கதவைத் திறந்து பிடித்து, கைகூப்பி வேறு அனுப்பினேன்.

திரைக்குப் பின்னால் மூன்று வெறும் ஹேங்கர்கள் தொங்கின. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்னோடு வேலை பார்க்கும் துஷி இங்கேயே வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். அவள் ஹேங்கர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஐயோ அக்கா, அந்தாள் மூண்டையும் போட்டுக்கொண்டு போயிட்டார். நீங்கள் கும்பிட்டு வேற அனுப்பி விட்டனீங்கள்!"

நடுவில் இருப்பது

ஃபிராவ் கெல்லர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. புரொபேஷனின் கடைசி வெள்ளிக்கிழமை, மாலையில் என்னைத் தன் அறைக்கு வரச் சொல்லியிருந்தார்.

மதியம் கதவு திறந்தது. அவரேதான்! மூன்று ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு, நான் சொல்லிக் கொடுத்தபடியே ஒவ்வொன்றின் விளிம்பும் தெரிய, நேராக என்னிடம் வந்து நின்றார். துஷி காவலாளியைக் கூப்பிட ஓடினாள். அவர் சாவகாசமாகத் தோளைத் தொட்டுக் காட்டினார்: "நீங்கள் சொன்னது சரிதான் அம்மா, நடுவில் இருப்பது இறுகுகிறது. ஒரு அளவு பெரியதாக மாற்றித் தருகிறீர்களா?"

காவலாளி அவரை அழைத்துப்போன பிறகு, சத்தம் கேட்டு வந்து நின்ற ஃபிராவ் கெல்லர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பே இல்லை. "எத்தனையோ வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். திருடிக்கொண்டு போனவன், விற்றவள் பேச்சை நம்பித் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல வந்துவிடுங்கள். கருவி கத்தினால் மட்டும் கும்பிடாதீர்கள்."

ஆக, என் கல்லூரிப் பட்டமும் முட்டி மோதிப் படித்த ஜெர்மனும் வாங்கித் தராத நிரந்தர வேலையை, தோளில் இறுகிய ஒரு திருட்டு ஜாக்கெட் வாங்கித் தந்துவிட்டது.