அது ஆட்டுக்கால் இல்லை

காகம் அந்த எலும்பை மொட்டைமாடியில், காயப்போட்டிருந்த கூழ்வற்றலின் நடுவே போட்டுவிட்டுப் போனது. கீழ்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரரின் மனைவி அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தவர், முதல் மாடியில் எங்கள் வாசலில் நின்றார்.

"பேப்பர்க்காரம்மா, இது உங்க வீட்டு எலும்பா?"

"ஆமாக்கா."

"என்ன காலு இது? ஆட்டுக்கால் மாதிரி தெரியலியே."

"ஆட்டுக்கால்தான்க்கா."

அவர் எலும்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எலும்போடு இறங்கிப் போனார். பொய் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதுதான் பிறகு உறுத்தியது.

அது பன்றிக்கால். நான் பிறந்த கடற்கரைத் தெருவில், கத்தோலிக்க வீடுகளில், அது சாதாரண ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. பூசைக்குப் போகுமுன் அடுப்பில் ஏற்றுவார்கள். பூசை முடிந்து, கோயில் வாசலில் ஊர்க்கதை பேசி முடித்துத் திரும்பும்போதும் அது வெந்துகொண்டுதான் இருக்கும். யாரும் சன்னலைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

சன்னலைச் சாத்தக் கற்றுக்கொண்டது வாடகை வீடுகளில். இது எங்களுக்கு நான்காவது வீடு. வீட்டுக்காரர் மளிகைக்கடை வைத்திருக்கிறார். முதல் நாளே சொன்னார்: "கறி, மீனு என்ன வேணாலும் ஆக்கிக்கிடுங்க. பன்னி மட்டும் வேண்டாம். வீட்டுல சாமி இருக்கு." வாடகைப் பத்திரத்தை நான் இரண்டு முறை படித்தேன். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மோட்டாரைக் காலையும் மாலையும் மட்டும் போட வேண்டும், நாய் வளர்க்கக் கூடாது. பன்றியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனாலும் அவர் சொன்னபோது நான் தலையாட்டியிருந்தேன்.

தலையாட்டிவிட்டுக் குக்கரில் வைத்தேன். சன்னல்களைச் சாத்தி, ஊதுபத்தி கொளுத்தி, இருபது நிமிடத்தில் இறக்கிவிடுவேன். தோல் குழைந்திருக்கும், நரம்பு ரப்பராக நிற்கும், சாறு தண்ணீராக ஓடும். மருந்து குடிப்பதுபோல் நானும் கணவரும் தின்று முடிப்போம். எலும்பைப் பழைய செய்தித்தாளில் சுற்றிவைப்பேன். மாவட்டச் செய்திகளைத் திருத்துவது என் வேலை என்பதால், பெரும்பாலும் நான் திருத்திய பக்கங்களே அந்த எலும்பைச் சுற்றியிருக்கும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் கணவர் திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது அந்தப் பொட்டலத்தைக் கொண்டுபோய்த் துறைமுகச் சாலைக் குப்பைத்தொட்டியில் போடுவார். காகம் வந்த அந்த ஞாயிறு அதைப் பின்பக்கச் சன்னல் திட்டில் மறந்து வைத்திருந்தார்.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு திருத்தம் எழுத வேண்டியிருந்தது. கொற்கை என்று வர வேண்டிய இடத்தில் ஆத்தூர் என்று போட்டிருந்தோம். இரண்டு வரி, தவறுக்கு வருந்துகிறோம். தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே கூழ்வற்றல் நடுவே கிடந்த எலும்பு நினைவுக்கு வந்தது. ஓர் ஊர்ப்பெயருக்குத் திருத்தம் போடுகிறவள், தன் வாயால் சொன்ன பொய்க்குப் போடவில்லை.

சனிக்கிழமை மாலை, கீழே போய் உண்மையைச் சொல்லிவிடப்போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன்.

"ஏளா, இந்த வீட்டுல தண்ணி தெனமும் வருது. இப்படி இன்னொரு வீடு கெடைக்குமா?"

"கெடைக்காது."

"பொறவு?"

"சொல்லத்தான் போறேன்."

"நீ செய்தி போடுததுக்கு நம்ம வீடுதானா கெடச்சுது?" என்றார். ஆனால் என்னைத் தடுக்கவில்லை.

கீழே வீட்டுக்காரர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, போன ஞாயித்துக்கிழம அக்காகிட்ட ஆட்டுக்கால்னு சொன்னேன். அது பொய். பன்னிக்கால். நாளைக்கும் வைக்கப்போறேன். இனிமே ஒளிச்சி வைக்க மாட்டேன்."

அவர் சத்தத்தைக் குறைத்தார். "வாரப்பவே சொன்னம்லா?"

"சொன்னீங்க. நானும் தலையாட்டுனேன். ஆட்டியிருக்கக் கூடாது."

அடுக்களையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "இத சொல்லுததுக்கு மெனக்கெட்டு எறங்கி வந்தீங்களாக்கும்! ஞாயித்துக்கிழமயானா விசிலும் ஊதுபத்தியும் ஒண்ணா வருதப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா என்கிட்ட ஏன் சொல்லல?" என்று வீட்டுக்காரர் உள்ளே திரும்பிக் கேட்டார்.

"சொன்னா நீங்க சண்டைக்குப் போவீய. அவங்க வாசலத் தாண்டித்தான நான் மாடில வத்தல் காயப்போடப் போவணும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அடுத்த மாசம் பத்திரம் முடியுது. புதுப் பத்திரத்துல எழுதிருவேன். கையெழுத்து போட்டா இருங்க. இல்லன்னா வேற வீடு பாத்துக்கிடுங்க."

"பாத்துக்கிடுதேன், அண்ணாச்சி."

ஞாயிறு காலை நான்கு கால்கள் வாங்கினேன். கடைக்காரர் தீயில் மயிரைக் கருக்கி, கத்தியால் சுரண்டி, நீளவாக்கில் பிளந்து கொடுத்தார். வீட்டில் மஞ்சளும் உப்பும் போட்டு உரசிக் கழுவினேன். இஞ்சி தட்டிப் போட்டு ஒரு கொதி விட்டு, அந்த நீரைக் கொட்டினேன். பிறகு அடிகனமான சட்டி. சின்ன வெங்காயம், முழுப் பூண்டு, அரைத்த மல்லியும் மிளகும் மிளகாய் வற்றலும், கடைசியில் எங்கள் ஆட்கள் காடி என்று சொல்லும் புளித்த வினிகர். தீயைக் கடைசிவரை குறைத்தேன். சாறு கொதிக்கக் கூடாது; ஓரத்தில் மட்டும் ஒரு குமிழி வந்து உடைய வேண்டும்.

சன்னல்கள் எல்லாவற்றையும் திறந்தேன். பதினொரு மணிக்கு மேல் கடல்காற்று ஏறியது. வாசனை கூடத்தைத் தாண்டி, மாடிப்படி வழியாகக் கீழே இறங்கியது. அதை நான் நிறுத்தவில்லை. நான்கு மணி நேரம் கழித்துத் தோல் தொட்டால் அதிர்ந்தது. நரம்பு எலும்பைவிட்டு வழுக்கிக் கழன்றது. சாறு உதட்டில் ஒட்டியது. எலும்புகளை வாசலில் இருக்கும் எங்கள் பச்சை வாளியில் போட்டேன். மறுநாள் தூய்மைப் பணியாளர் ஒன்றும் கேட்காமல் கொட்டிக்கொண்டு போனார்.

அடுத்த மூன்று ஞாயிறும் அப்படியே. வீட்டுக்காரர் என்னுடன் பேசுவதை நிறுத்தினார். புதுப் பத்திரம் வந்தது. ஆணிக்கும் மோட்டாருக்கும் நடுவே பன்றிக்கு ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன்.

வீடு தேடுகையில் இப்போது நான்தான் முதலில் சொல்கிறேன். "நாங்க பன்னிக்கால் வைப்போம். சம்மதம்னா வந்து பாக்குதோம்." இரண்டு பேர் போனை வைத்துவிட்டார்கள். போன ஞாயிறு மூன்றாமவர் வைக்கவில்லை. ஆனால் வாரம் ஒருமுறையா, மாதம் ஒருமுறையா என்று கேட்டார். எத்தனை முறை என்பது என் விருப்பம் என்று வாதாடிக்கொண்டிருந்தேன். கீழிருந்து ஒரு கத்தல்.

"பேப்பர்க்காரம்மா! அடுப்பப் பாருங்க, அடிபிடிக்குது!"

ஓடினேன். சாறு வற்றி, தோல் சட்டியின் அடியில் ஒட்டத் தொடங்கியிருந்தது. வெந்நீர் ஊற்றி, அடியைச் சுரண்டாமல் மேலாகக் கிளறினேன். தப்பியது. சன்னல் வழியாகக் குனிந்து கேட்டேன்: "எப்படிக்கா தெரிஞ்சுது?"

"ஏன், எனக்கு மூக்கு இல்லியா?" என்றார் வீட்டுக்காரரின் மனைவி. முகத்தில் சிரிப்பு இல்லை. "பேச்சு பெருசா பேசுதீங்க. அடுப்புல வச்சா பக்கத்துல நிக்கணும்லா?"

அவர் சொன்னது சரிதான். போனை எடுத்துப் பார்த்தேன்; மூன்றாமவரும் வைத்துவிட்டிருந்தார்.

மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும். வீடு இன்னும் அமையவில்லை; ஆனாலும் சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டோம். குக்கரை முதல் பெட்டியிலேயே போட்டுக் கட்டிவிட்டேன். சட்டி இன்னும் அடுப்பில்தான் இருக்கிறது. நடுவில் இன்னொரு ஞாயிறு வருகிறது.