பட்டிக்காரி கட்டிய அபராதம்

செலியமேட்டுக்குப் போகிற வண்டிப்பாதையில், மேலே கருவேல முள் அடைத்த மண்சுவர் வளைப்பு ஒன்று இருந்தது. அதுதான் சர்க்கார் மாட்டுப் பட்டி. பயிரில் வாய் வைத்த மாட்டைப் பிடித்துவந்து அங்கே அடைப்பார்கள். மாட்டுக்காரர் அபராதம் கட்டி மீட்டுக்கொண்டு போகவேண்டும். புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட முப்பதுகளில் அந்தப் பட்டியைப் பார்த்துக்கொண்டவள் தனக்கொடி.

முதலில் அது அவள் புருஷன் பார்த்த வேலை. அவன் காய்ச்சலில் போனதும், வேறு ஆள் கிடைக்கிறவரைக்கும் என்று சொல்லி அவளிடம் சாவியைக் கொடுத்தார்கள். வேறு ஆள் கிடைக்கவே இல்லை. இல்லாதவன் மாட்டை அடைத்தால் சாபம் விழும், இருக்கிறவன் மாட்டை அடைத்தால் அடி விழும். யார் வருவார்கள்? தனக்கொடிக்கும் பயம்தான். வேறு பிழைப்பு இல்லாததால் பயந்துகொண்டே செய்தாள்.

ஒரு மாட்டுக்கு அபராதம் நாலு பணம், அதாவது அன்றைய அரை ரூபாய். அது சர்க்காருக்கு. அடைத்துவைக்கும் நாளுக்கு ஒரு பணம் வைக்கோல் கூலி. அது அவளுக்கு. மாட்டை ஓட்டிவந்தவர்களுக்கு எண் போட்ட ரசீது கிழித்துக் கொடுக்கவேண்டும். சனிக்கிழமை தோறும் அடிக்கட்டைப் புத்தகத்தோடும் வசூலோடும் மேரிக்குப் போகவேண்டும். கொம்யூன் என்ற ஊராட்சி அலுவலகத்தை ஜனங்கள் அப்படித்தான் சொன்னார்கள். அங்கே குமாஸ்தா தணிகைவேல், கிழித்த எண் எத்தனையோ அத்தனைக்கும் பணம் கேட்பார். கொஞ்சம் குறைந்தாலும், "இன்னாம்மா, சர்க்கார் துட்டத் தின்னுட்டியா?" என்று சிரிப்பார். அவர் சிரிக்கும்போதும் தனக்கொடி காசை இன்னொரு தடவை எண்ணிப் பார்ப்பாள்.

ஒரு கார்த்திகை மாதம், காலை மழை விட்ட நேரம். ஆதிலட்சுமி ஒரு வெள்ளைக் காளையைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்தாள். ஏரிக்கரைக்குக் கீழே இரண்டு காணி நிலத்தில் தானே நின்று கரும்பு பயிரிடுகிறவள் அவள். முழங்கால்வரை சேறு.

"குருத்தப் பூரா மேஞ்சிடுச்சிக்கா. சீக்கிரம் எழுது."

தனக்கொடிக்கு நாலு எழுத்து தெரியும். 'வெள்ளைக் காளை ஒன்று' என்று எழுதி ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். காளையை உள்ளே விட்டுப் பூட்டிய பிறகுதான் கேட்டாள்.

"யாரு வூட்டு மாடு?"

"சுப்பராயலு வூட்டுது."

தனக்கொடி ரசீதுப் புத்தகத்தை மறுபடியும் பிரித்துப் பார்த்தாள். "அடிப்பாவி, முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா எழுதியிருப்பியா?"

சுப்பராயலுவுக்கு ஊரில் பாதி நிலம். தேர்தல் நாளில் வாக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் தடியோடு நிற்பவர்கள் அவருடைய ஆட்கள். சென்ற தேர்தலில் அவர்களை எதிர்த்துப் பேசிய ஒருவனுக்கு இன்னும் கை நீட்டி மடக்க வரவில்லை.

மத்தியானம் அவருடைய ஆள் அய்யனார் வந்தான். கையில் கடப்பாரை.

"மாட்ட அவுத்து வுடு."

"எழுதிட்டேன் சாமி. நாலு பணம் கட்டிட்டா ஓட்டிக்கினு போயிடலாம். எனக்கு வைக்கோல் கூலிகூட வேணாம்."

அவன் கடப்பாரையைப் பூட்டுக்குள் கொடுத்து நெம்பினான். பூட்டு தெறித்து அவள் காலடியில் விழுந்தது. காளையை வெளியே ஓட்டியவன் திரும்பிப் பார்த்தான்.

"பூட்டு ஒடஞ்சிச்சின்னு வெளிய பேச்சு வந்துச்சி, வூட்டோட வச்சிக் கொளுத்திடுவேன்."

கும்பிட்டபடி நின்றவள், அவன் பாதை திருப்பத்தில் மறைந்தும் கையை இறக்கவில்லை.

சனிக்கிழமை நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எண் கிழிந்திருக்கிறது. பணம் இல்லை. நடந்ததைச் சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் சர்க்கார் பணத்தைத் தின்றவள் ஆவாள். கடைசியில், வைக்கோல் கூலியில் மிச்சம் பிடித்து வைத்திருந்ததை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு மேரிக்குப் போனாள்.

"யாரு கட்டினது?" என்று கேட்டார் தணிகைவேல்.

"சுப்பராயலு வூட்டு ஆளு குடுத்துட்டுப் போனாரு."

தணிகைவேல், 'மாட்டுக்கு உடையவர் சுப்பராயலு கட்டினார்' என்று எழுதிக்கொண்டார். திரும்பி வரும் வழியில் அவளுக்கு மூச்சு சீராக வந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

ஆனால் ஆதிலட்சுமி சும்மா இருப்பவள் இல்லை. மேய்ந்த கரும்புக்கு நஷ்ட ஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனாள். தன் ரசீதைக் காட்டினாள். மேரியில் அபராதம் கட்டியதற்கு நகலும் வாங்கிக் காட்டினாள். அபராதம் கட்டியவர் தன் மாடு மேய்ந்ததை ஒத்துக்கொண்டவர்தானே? சுப்பராயலுவுக்குச் சம்மன் போயிற்று.

மறுநாளே அவருடைய வண்டி பட்டிக்கு முன்னால் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. வண்டியிலிருந்தே கேட்டார்.

"நான் துட்டு கட்டினேனா? என் மூஞ்சப் பாத்துச் சொல்லு."

தனக்கொடி தலையைக் குனிந்து கும்பிட்டாள்.

"சனிக்கிழம மேரிக்கு வருவேன். பொய்க்கணக்கு எழுதினது நாந்தான்னு உன் வாயால சொல்லணும். புரிஞ்சிதா?"

வண்டி போனதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சொன்னால் புதுச்சேரி ஜெயில். சொல்லாவிட்டால் தீ. ஊரைவிட்டு ஓடிவிடலாம் என்று துணியைக்கூட மூட்டை கட்டினாள். எங்கே போவதென்று தெரியவில்லை. மூட்டையை அவிழ்த்தாள்.

சேதி கேட்டு ஆதிலட்சுமி வந்தாள். "உனக்கு இப்பிடி ஆவும்னு தெரியாதுக்கா. அன்னிக்கி நானும் கூட வரேன்."

"நீ வந்தா இன்னும் கோவப்படுவாரு."

"படட்டும்."

ரசீதில் தகராறு வந்தால் மேலிடத்துக்குத் தெரிவிப்பது முறை. தணிகைவேலும் தான் எழுதிய வரிக்குப் பயந்து உடனே தெரிவித்துவிட்டார். அதனால் அந்தச் சனிக்கிழமை புதுச்சேரியிலிருந்து கணக்கு அதிகாரி ஒருவர் வந்திருந்தார். கறுப்புக் கோட்டு, மேசைமேல் தொப்பி. பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டுச் சுப்பராயலு. ஆதிலட்சுமியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தனக்கொடி மட்டும் உள்ளே போனாள்.

"இந்த நாலு பணம் யாரு கட்டினது?" என்றார் அதிகாரி.

"நாந்தாங்க."

சுப்பராயலு தலையை ஆட்டினார். "பாத்தீங்களா?"

"அவரு மாட்டுக்கு நீ எதுக்கும்மா கட்டின?"

தனக்கொடி முந்தானை நுனியை முறுக்கினாள். அதிகாரி மறுபடியும் அதையே கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"பயந்துக்கினு கட்டிட்டேங்க."

"எதுக்குப் பயம்?"

அவள் சுப்பராயலுவின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லக்கூடாது என்றுதான் வந்தாள். ஆனால் நடுக்கத்தில் வாய் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"பூட்ட ஒடச்சி ஓட்டிக்கினு போயிட்டாங்க சாமி. சொன்னா கொளுத்திடுவேன்னாங்க. ஐயோ, நான் சொல்லிட்டேனே..."

அழுதுகொண்டே சுவரோரம் சரிந்தாள். சுப்பராயலு சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை.

"பட்டிப் பூட்டு சர்க்கார் பூட்டு. அத ஒடச்சது தனிக் கேசு. எழுதட்டுமா? இல்ல, அபராதத்த நீங்களே கட்டி, வாசல்ல நிக்கிற அந்தம்மா கரும்புக்கும் குடுத்துடறீங்களா?"

சுப்பராயலு கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினார். பிறகு மேசைமேல் காசு விழும் சத்தம் கேட்டது. சுப்பராயலு எழுந்து, அவளைத் தாண்டி வெளியே போனார். அவளைப் பார்க்கவே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆதிலட்சுமிக்குக் கேட்டதில் பாதி கிடைத்தது. தனக்கொடி கட்டிய நாலு பணம் கஜானாவுக்குப் போய்விட்டது. அதைத் திரும்ப வாங்க மனு எழுதவேண்டும் என்றார் தணிகைவேல். புதுப் பூட்டின் விலையையும் அவளுடைய வைக்கோல் கூலியில் பிடித்துக்கொண்டார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, விளக்கு வைக்கும் நேரத்தில் பட்டியின் வைக்கோல் போர் எரிந்தது. அடைத்திருந்த இரண்டு எருமைகளை அவிழ்த்துவிட அவளுக்கு நேரம் கிடைத்தது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அதன்பிறகு பொழுது சாய்ந்தால் ஆதிலட்சுமி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வாள். விடிந்ததும் வந்து பட்டியைத் திறப்பாள்.

வெகுகாலம் அந்த வேலையைப் பார்த்தாள். பாதையில் மாட்டு மணிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனாலும் ரசீதை எழுதிவிடுவாள். அந்த நாலு பணத்துக்கான மனுவை மட்டும் கடைசிவரை எழுதவில்லை. எழுதினால், அதைக் கொடுக்க அந்த மேசைக்கு முன்னால் மறுபடியும் போய் நிற்கவேண்டுமே.