சட்டையைப் பிடித்த கை

ராயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கோடு நின்றிருந்தபோது ஸ்டெல்லாவின் அழைப்பு வந்தது. காலை எட்டு மணி இருக்கும். “அண்ணா, அவரு பூட்டாருண்ணா” என்றாள். முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. அங்கிருந்து நகரவே எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

அவள் கணவன் இருதயராஜை உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் துறைமுகத் தொழிலாளர் கால்பந்து அணியில் பதினோரு வருடம் பின்வரிசையில் ஸ்டாப்பராக, எதிராளியைத் தடுப்பவனாக ஆடியவன். அவனுக்குப் பின்னால் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றவன் நான். அஞ்சலி எழுதும்போது ‘அவர்’ போட வேண்டும் என்பார்கள். எனக்கு வரவில்லை, மன்னியுங்கள். அவனும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் ‘கீப்பரு’தான்.

அவனைத் தெரிந்தவர்களுக்கு அவனால் வந்த பெனால்டிகளையும் தெரியும். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? கடைசியாக அவன் ஆடிய சீசனில் நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம். ஆட்டத்துக்கு ஒரு தடவையாவது எங்கள் பின்வரிசையில் ஒருவன், கோலுக்கு முன்னாலுள்ள பெனால்டி பாக்ஸுக்குள் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்துவிடுவான். பெரும்பாலும் இருதயராஜ்தான். “வடசென்னை டீம்ல? ஒழுக்கம் எங்கேர்ந்து வரும்?” என்று கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. திரும்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பெனால்டி அடிக்கிறவன் அதற்குள் பந்தை வைத்துவிட்டான்.

எங்கள் கோச் பெரம்பூர்க்காரர், ரயில்வேயில் ஆடி ஓய்வுபெற்றவர். அவர் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். பயிற்சியின்போது பின்வரிசை ஆட்கள் கைக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும். பழம் இருந்தால் கை சட்டையைத் தேடாதாம். முதல் நாளே இருதயராஜ் இரண்டையும் நசுக்கிவிட்டான். “சார், உப்பு கீதா? ஜூஸ் ரெடி” என்றான். கோச்சே சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் மறுபடியும் ஒரு பெனால்டி.

காரணம் எனக்கு மைதானத்தில் பிடிபடவில்லை, துறைமுகத்தில், சரக்கு இறக்கும் கப்பலடியில்தான் பிடிபட்டது. அங்கே நான் சரக்கு சரிபார்க்கும் கிளார்க். அவன் கிரேன் டிரைவருக்குக் கையசைத்துச் சைகை காட்டுபவன். தொங்குகிற சரக்குக்கு அடியில் ஆள் போகாமல் பார்ப்பதும் அவன் பொறுப்பு. ஒரு நாள் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே அவனைத் தாண்டி நடந்தேன். நெஞ்சோடு சேர்த்துச் சட்டையை அள்ளி இழுத்தான். மல்லாக்க விழுந்தேன். நான் போயிருக்க வேண்டிய இடத்தில் இரும்புக் கம்பிக் கட்டு ஒன்று ஆடிக்கொண்டே வந்து இறங்கியது. என் சட்டைப் பை கிழிந்து தொங்கியது.

“சொல்லக்கூடாதாடா?” என்றேன்.

“இந்த சத்தத்துல கத்திக்கினு இருந்தா ஒனக்குக் கேக்குமா? இங்க வாய்க்கு வேலை இல்ல கீப்பரு. ஆளு தாண்டுனா கை பூடணும்.”

எங்கள் பின்வரிசையில் நாலு பேரில் மூன்று பேருக்கு அதே வேலை. பகலெல்லாம் தாண்டிப் போகிறவனை இழுத்துக் காப்பாற்றுகிற கை, சாயங்காலம் பாக்ஸுக்குள் மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்? கோச்சிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவரோ, “அதுக்காக ரெஃப்ரிகிட்ட லெட்டரா குடுக்க முடியும்?” என்றார். வேலையை விடச் சொல்ல முடியாது, கையை மாற்றவும் முடியாது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சீசனின் கடைசி ஆட்டம். டிரா செய்தால் போதும், கீழே இறக்கப்படாமல் அதே டிவிஷனில் தங்கிவிடலாம். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது மின்னல் மாதிரி ஒரு பையன் இருதயராஜைத் தாண்டினான். கை சட்டைக்குப் போயிற்று. பெனால்டியை என்னால் தடுக்க முடியவில்லை. காரணம் தெரிந்த நான்தான் எல்லார் முன்னாலும் கத்தினேன்: “ஒன் கையாலதான்டா நாசமாப் போனோம்!”

திரும்பும் வேனில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். “புடிக்கலன்னா கோலு, புடிச்சா பெனால்டி. காலு வரமாட்டேங்குது, கை வந்துடுது. நான் இன்னாதான் பண்ணட்டும், சொல்லு” என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதன் பிறகு அவன் மைதானத்துக்கு வரவில்லை. கப்பலடியில் தினமும் பார்ப்போம், டீ குடிப்போம், ஊர்க்கதையெல்லாம் பேசுவோம். நான் கத்திய அந்த ஒரு வார்த்தையைப் பற்றி மட்டும் பேசமாட்டோம்.

சிறுநீரகம் கெட்டு இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தான். அவன் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “அன்னிக்கு கிரவுண்டுல சொன்னேனே...” என்று ஆரம்பித்தேன். பார்வையாளர் நேரம் முடிந்ததென்று வாட்ச்மேன் விசில் ஊதினார். மீதியைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்தேன். கண் மூடியபடியே கை நீட்டி, நெஞ்சுப் பக்கம் என் சட்டையைப் பிடித்தான். என்னைத்தான் பிடித்தானா, வேறு யாரையாவது இழுத்தானா, தெரியவில்லை. “கையை எடுடா, காலைல வரேன்” என்றேன்.

கப்பலடியில் பை கிழிந்த அந்தச் சட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. தைத்துத் தருகிறேன் என்று என் மனைவி எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். நான் கொடுக்கவில்லை, இனியும் கொடுக்கமாட்டேன். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். பதினோரு வருடம் கோல் கம்பத்தடியிலிருந்து “கையை எடுடா, கையை எடுடா” என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஒரு நாளும் கேட்காதவன், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் ஒரே ஒரு தடவை மெதுவாகச் சொன்னதும் விட்டுவிட்டான்.